கோழியை யார் அடைப்பது?

கிராமத்துக் கல்யாண வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. பெண்ணழைப்பு ஆறு மணிக்கு. மேளக்காரர்கள் அப்போதுதான் வந்து இறங்கியிருப்பார்கள். நான்கரை மணி வாக்கில் ஒரு பெரியம்மா மெல்ல எழுந்து மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்.

"என்னக்கா, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க? சாப்பிட்டுப் போலாம்ல?"

"இல்லடி, கோழி அடைக்கணும்."

அதற்கு மேல் யாரும் வற்புறுத்துவதில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்றால்கூட "அண்ணன் பாத்துக்க மாட்டாரா?" என்று மடக்குகிறவர்கள், கோழி என்றதும் வழிவிட்டுவிடுவார்கள்.

முசிறிப் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மாவும் இப்படித்தான். ஆறு பெட்டை, ஒரு சேவல். இவற்றுக்காக எத்தனையோ விசேஷ வீடுகளில் இலை போடும் முன்பே பஸ் ஏறியிருக்கிறார். சின்ன வயதில் எங்களுக்கு இது வேடிக்கை. ரெண்டு படி கம்பைக் கொட்டி, ஒரு அண்டா தண்ணியை வைத்துவிட்டு வந்தால் என்ன? கோழி தின்றுவிட்டுத் தானே தூங்காதா? போன மே மாதம் பிள்ளைகள் ராமேஸ்வரத்துக்கும் திருச்செந்தூருக்கும் வேன் பேசியபோது அந்தக் கேள்விக்கு உண்மையாகவே விடை தேட வேண்டி வந்தது. நான்கு இரவுகள். பெரியம்மா வர மறுத்தார்.

மூன்று கிலோவும் ஒரு குடமும்

முதலில் கணக்கு. வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் தீனி எடுக்கும். புழுவும் கரையானும் பொறுக்கித் தின்கிற கோழிக்கு நாம் போட வேண்டியது அதைவிடக் குறைவு. பொறுக்குவதைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் ஏழு உருப்படிக்கு ஒரு நாளைக்கு 700 கிராம். நான்கு நாளைக்கு மூன்று கிலோவுக்குள் முடிந்துவிடும்.

தண்ணீர், சாதாரண நாளில் கோழிக்குக் கால் லிட்டர். மே மாதத்து முசிறியில் அதை இரட்டிப்பாக்க வேண்டும். ஏழு கோழிக்கு ஒரு நாளைக்கு மூன்றரை லிட்டர், நான்கு நாளைக்கு பதினான்கு. அதாவது ஒரு குடம்.

மூன்று கிலோ தீனி, ஒரு குடம் தண்ணீர். இதற்காகவா ஒரு பெண்மணி ஆயுள் முழுக்கப் பந்திக்கு முன்பே எழுந்து போனார்? அளவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கோழியின் உடம்பு மொத்தக் கணக்கில் ஓடுவதில்லை. அது வேளைக் கணக்கில் ஓடுகிறது.

கோழியின் கழுத்தடியில், நெஞ்சுக்குச் சற்று மேலே, ஒரு பை உண்டு. அதைத் தீனிப்பை என்று வைத்துக்கொள்வோம். கொத்திய தானியம் நேராக வயிற்றுக்குப் போகாமல் முதலில் இங்கே தங்கி ஊறும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அரைவைப்பைக்குப் போகும். கறிக்கடையில் ஈரலோடு சேர்த்துப் போடுவார்களே, ரப்பர் மாதிரி கெட்டியாக ஒரு துண்டு, அதுதான் அரைவைப்பை. கோழிக்குப் பல் கிடையாது; அது விழுங்கிய சிறு கற்கள் இந்தப் பைக்குள் அம்மிக்கல்லின் வேலையைச் செய்கின்றன.

கோழி காலையில் ஒரு பிடி பிடிக்கும், பகலில் அவ்வப்போது கொத்தும், அந்தி சாயும் முன் தீனிப்பையை முட்ட நிரப்பிக்கொள்ளும். இரவு முழுக்க அந்தச் சேமிப்பில்தான் உடம்பு ஓடுகிறது. எல்லாம் அடைந்த பிறகு கையை விட்டு நெஞ்சைத் தடவினால் சின்ன எலுமிச்சம்பழம் போலத் தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால் அந்தக் கோழி பட்டினி, அல்லது சீக்கு. நான்கு நாள் தீனியை முதல் நாளே வைப்பதால் கோழிக்கு லாபம் எதுவும் இல்லை. அதன் பை ஒரு இரவுக்கு மேல் கொள்ளாது.

எலிக்கு லாபம் உண்டு. எலியைத் தேடி வரும் சாரைக்கும் உண்டு. அது வந்த வழியில் முட்டையையும் பார்த்துக்கொள்ளும். அதைவிட மோசமான விருந்தாளி பூஞ்சணம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்துப்போயின. கடைசியில் குற்றவாளி கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த ஒரு பூஞ்சணம் என்று தெரிந்தது. அது சுரந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். நாட்டுக்கோழி இந்த விஷயத்தில் வான்கோழியைவிடக் கெட்டி. இருந்தாலும் கோடை மழை ஒன்று சாரல் அடித்துவிட்டுப் போனால், நனைந்த மக்காச்சோளக் குவியலை நான்கு நாள் நம்பி விடுவதற்கில்லை.

வேர்க்காத உடம்பு

தீனி ஒரு வேளை தவறினால் கோழி சமாளித்துக்கொள்ளும். தண்ணீர் தவறினால் சமாளிக்காது.

கோழியின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸ். நமக்கு அந்த அளவு வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இவ்வளவு சூட்டில் இருக்கும் உடம்புக்கு வேர்வைச் சுரப்பி ஒன்றுகூட இல்லை. மேலே இறகுப் போர்வை வேறு. அதனால் சூட்டைத் தள்ள அதற்கு இரண்டு வழிகள்தான். ஒன்று, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கித் தொங்கவிட்டு, கொண்டைக்கும் தாடிக்கும் ரத்தத்தை அதிகமாக அனுப்பிக் காற்றில் ஆற்றுவது. இரண்டு, வாயைப் பிளந்து இரைப்பது. ஓய்வில் நிமிடத்துக்கு முப்பது தடவை அளவில் மூச்சு விடும் கோழி, கடும் வெயிலில் இருநூறைத் தாண்டும். ஒவ்வொரு மூச்சிலும் தொண்டையின் ஈரம் ஆவியாகிச் சூட்டை எடுத்துப் போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே தந்திரத்தால்தான். பானை சுவர் வழியாகச் செய்வதைக் கோழி தொண்டை வழியாகச் செய்கிறது.

பானை வற்றினால் குளிர்ச்சி நின்றுவிடும். கோழிக்கும் அதுவே. வெளியே 40 டிகிரி, மேலே தகரக்கூரை, தண்ணீர்ச்சட்டி கவிழ்ந்து கிடக்கிறது என்றால் நாள் கணக்கெல்லாம் பேச வேண்டாம். சில மணி நேரம் போதும்.

உயிர் பிழைத்தாலும் முட்டை பிழைக்காது. ஓட்டை விட்டுவிட்டுப் பார்த்தால் முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். கோழி அறுத்துச் சுத்தம் செய்தவர்கள் உள்ளே ஒரு மஞ்சள் கொத்தைப் பார்த்திருப்பார்கள். கடுகளவு, மிளகளவு, கோலிகுண்டு அளவு என்று வரிசையாக இருக்கும். நாளைக்கு இடப்போகும் முட்டையின் கரு பெருக்கத் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருக்கும். அதன் பின்னால் மறுநாளுக்கானதும் அதற்கடுத்த நாளுக்கானதும் நிற்கின்றன. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் போனால் உடம்பு முதலில் கைவிடுவது இந்த வரிசையைத்தான். நீங்கள் திரும்பி வந்து குடம் குடமாக ஊற்றினாலும், வரிசை மறுபடி கட்டப்படும் வரை முட்டைக் கூடை காலியாகவே இருக்கும். 'ஊருக்குப் போயிட்டு வந்ததிலிருந்து கோழி முட்டையே வெக்கல' என்று பலர் கண்ணேறு கழிப்பது இந்த இடைவெளியில்தான்.

ஒரே அண்டாவும் சரிப்படாது. சூடான தண்ணீரைக் கோழி தொட்டுப் பார்த்துவிட்டு விலகிவிடும். கோழிகளுக்குள் பெரியது ஒன்று அண்டாவை மறித்துக்கொண்டு நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோழி தன் தண்ணீருக்குள் தானே எச்சமிடும் பிராணி. அகலமான மண்சட்டிகள் மூன்று, மூன்றும் வெவ்வேறு நிழலில், தினமும் கழுவி ஊற்றியதாக இருந்தால் போதும். ஆனால் தினமும் கழுவ ஒரு கை வேண்டும். அங்கேதான் மனிதன் கணக்குக்குள் வருகிறான்.

அந்தியில் நடப்பது என்ன?

சரி, தண்ணீருக்கு ஒரு ஆள் பகலில் எப்போதாவது வந்து போனால் ஆகாதா? பெரியம்மா ஏன் அந்தியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்?

நம் விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் வேலை செய்கின்றன. வெளிச்சத்தில் நிறம் காண்பவை கூம்புகள். மங்கலில் உருவம் காண்பவை கோல்கள். மனிதக் கண்ணில் ஒரு கூம்புக்கு இருபது கோல்கள் என்ற அளவில் இருக்கின்றன. கோழியின் கண்ணில் கூம்புகள்தான் மிகுதி, கோல்கள் சொற்பம். நாம் காணாத புற ஊதா ஒளியைக்கூட அது காணும். புழுவையும் குச்சியையும் பத்தடி தூரத்தில் பிரித்தறியும். இவ்வளவு பவுசுக்கும் அது கொடுத்த விலை, இருட்டியதும் மாலைக்கண். நாய்க்கும் பூனைக்கும் மரநாய்க்கும் கண் தெளியும் அதே நேரத்தில் கோழிக்குக் கண் மங்குகிறது.

கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி இதற்கு ஒரு வழி வைத்திருந்தது: கண் மங்குவதற்குள் மரத்தில் ஏறிவிடுவது. நம் கொல்லைக் கோழியின் மூளையில் அந்த உத்தரவு இன்னும் அழியவில்லை. வெளிச்சம் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கியதும், யாரும் விரட்டாமலே, ஒன்றன்பின் ஒன்றாக முந்தைய நாள் அடைந்த அதே இடத்துக்கு நடக்கும். கூடு அதற்கு மரத்தின் இடத்தில் இருக்கிறது.

ஆனால் மரத்துக்குக் கதவு தேவைப்படவில்லை. உயரமே கதவு. தரையில் இருக்கும் கூட்டுக்குக் கதவு உண்டு. அதைச் சாத்தக் கோழிக்குத் தெரியாது. தானே அடைந்த கோழிக்கும் நாம் அடைத்த கோழிக்கும் நடுவே இருப்பது ஒரு தாழ்ப்பாள். 'அடை' என்ற சொல்லை நம் ஆட்கள் கோழிக்கு எப்படி வளைக்கிறார்கள் பாருங்கள்: கோழி அடையும், நாம் அடைப்போம், பிறகு அது அடை காக்கும். முதல் இரண்டுக்கும் இடையில் இருக்கும் பத்து நிமிடத்துக்காகத்தான் பெரியம்மா பஸ் ஏறுகிறார்.

சீக்கிரம் சாத்தினால் வெளியே ஒன்று நிற்கும். தாமதித்தால் உள்ளே வேறொன்று நுழைந்திருக்கும்.

விடியலிலும் ஒரு கடிகாரம் உண்டு, ஆனால் அது இவ்வளவு கறார் இல்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ஷிம்முராவும் யோஷிமுராவும் 2013-இல் சேவல்களை மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். விடியலே இல்லாத அந்த அறையிலும் சேவல்கள் நேரம் பார்த்துக் கூவின. வெளிச்சத்தைக் கண்டு கூவுவதல்ல, உடம்புக்குள் ஓடும் உள்கடிகாரம் கூவ வைக்கிறது. அதனால் திறக்கிற ஆள் அரை மணி தாமதமாக வந்தாலும் கோழி விழித்துக்கொண்டு முணுமுணுக்கும், அவ்வளவுதான். கூட்டுக்குள் ஒரு சட்டி தண்ணீர் இருந்தால் நட்டமில்லை. கோடையில் மட்டும் கூரை காய்வதற்குள் திறந்துவிட வேண்டும்.

கொண்டுபோய் விட்டால் என்ன?

"பேசாம கூடையில போட்டு தங்கச்சி வீட்ல விட்டுட்டு வாங்களேன்" என்றான் வேன் பேசிய பிள்ளை. பெரியம்மாவின் தங்கை வீடு நான்கு தெரு தள்ளி. அங்கேயும் பத்துக் கோழி இருக்கிறது. கேட்க நல்ல யோசனைதான்.

நார்வேக்காரரான ஷெல்டெரூப்-எப்பே சிறுவனாக இருந்த காலத்திலிருந்தே கோழிகளை உட்கார்ந்து பார்த்து, எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வந்தவர். 1920களின் தொடக்கத்தில் அவர் அதை ஆய்வாக வெளியிட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கோழி எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாவது அதைத் தவிர மற்றவற்றைக் கொத்தும். கடைசிக் கோழி எல்லோரிடமும் வாங்கும். இதைக் கொத்துவரிசை எனலாம். வரிசை ஒரு தடவை முடிவாகிவிட்டால் பிறகு சண்டை அபூர்வம். ஒரு முறைப்பு போதும். புதிய கோழிகளைக் கொண்டுவந்து சேர்த்தால் வரிசை முழுக்கக் கலைந்து முதலிலிருந்து தொடங்கும். ஏழும் பத்தும் கலந்தால் நான்கு நாளும் பஞ்சாயத்துதான். இரண்டு சேவல் என்றால் கேட்கவே வேண்டாம்.

சண்டையைக்கூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது கழிச்சல். நம் கிராமங்களில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் நோய்க்கு இந்தியாவில் ராணிக்கேத் என்று பெயர். இமயமலைச் சாரலில் உள்ள அந்த ஊரின் பக்கம் 1920களின் பிற்பாதியில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர். அதே நோயை அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டதால் உலகத்துக்கு அது நியூகாசில் நோய். வைரஸ் எச்சத்திலும் சளியிலும் இருக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டு தெரு தாண்டும். உள்ளே புகுந்து ஐந்தாறு நாள் கழித்துத்தான் பெரும்பாலும் வெளியே காட்டும். தங்கை வீட்டில் இன்று திடமாக மேய்கிற கோழி நாளைக்குத் தலையைச் சுழற்றலாம். தமிழ்நாட்டில் கால்நடைத் துறை பிப்ரவரி வாக்கில் கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுகிறது. போட்ட மறுநாளே காப்பு வந்துவிடாது, இரண்டு வாரமாவது வேண்டும். பயணத்துக்கு முந்தின நாள் ஊசி போட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

எனவே கோழி நகரக் கூடாது, ஆள் நகரலாம். அந்த ஆள் யார் என்பதில் அறிவியல் சொல்வது நம் வழக்கத்துக்கு நேர் எதிர். 'கோழி வளர்த்த கை' என்று நாம் தேடிப் போவோம். கோழி இல்லாத வீட்டு ஆள்தான் நல்லவர். கோழி வளர்ப்பவர்தான் கிடைக்கிறார் என்றால், கொல்லை வாசலில் அவருக்கென்று தனிச் செருப்பு ஒரு ஜோடி வைக்க வேண்டும்.

எட்டு நடை

எதிர்வீட்டுப் பையன் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு சும்மா இருந்தான். அவர்கள் வீட்டில் கோழி கிடையாது. பெரியம்மா ஒருவழியாகச் சம்மதித்தது அவனுடைய உயரத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். கூட்டுக் கதவின் மேல் தாழ்ப்பாள் எட்டும்.

வியாழன் காலை கூட்டைத் திறந்துவிட்டுக் கிளம்புகிறோம், திங்கள் மதியம் திரும்புகிறோம். நான்கு அந்தி, நான்கு காலை. மொத்தம் எட்டு நடை. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே அவனை வரச் சொல்லி, அதே தகர டப்பாவைக் குலுக்கி, அதே "பா… பா… பா" குரலில் கூப்பிட்டுத் தீனி போட வைத்தார் பெரியம்மா. புது ஆளைக் கண்டால் கோழி மிரளும். மிரண்ட கோழி அந்தியில் வேலிக்குள் புகுந்துகொள்ளும். டப்பாச் சத்தம் பழகிவிட்டால் ஆள் யாரென்று அது பெரிதாகக் கவலைப்படுவதில்லை. காலையில் சட்டி கழுவித் தண்ணீர், ஒரு டப்பா தீனி, முட்டை எடுப்பது. முட்டை அவனுக்கே கூலி. அந்தியில் இன்னொரு டப்பா, பிறகு கதவு. சாத்தும் முன் எண்ண வேண்டும். அதைத்தான் பெரியம்மா நான்கு தடவை சொன்னார்.

முதல் நாள் இரவு ராமேஸ்வரத்தில் சத்திரத்துத் திண்ணையிலிருந்து போன் போட்டார்.

"எண்ணினியா தம்பி?"

"ஆறுதான் பெரியம்மா இருக்கு."

எங்களுக்கு வேர்த்தது. பெரியம்மாவுக்கு வேர்க்கவில்லை. "முருங்கை மரத்தப் பாரு. புள்ளிக்கோழி நிக்கும். டார்ச்சை மூஞ்சியில அடிக்காத, கீழ புடிச்சுக்க." நின்றது. அந்தியில் தெருவில் யாரோ வெடி போட்டிருக்கிறார்கள்; மிரண்ட கோழிக்குக் காட்டு உத்தரவு ஞாபகம் வந்துவிட்டது. பகலில் கிட்டவே நெருங்கவிடாத அந்தப் புள்ளிக்கோழியை, இருட்டில் மாம்பழம் பறிப்பது போல இரண்டு கையாலும் எடுத்துக் கூட்டில் வைத்தான் பையன். கண் தெரியாத கோழி ஓடுவதில்லை. அதற்குப் பாதகமாக இருக்கும் மாலைக்கண் அன்று எங்களுக்குச் சாதகமானது.

மற்ற மூன்று இரவும் ஏழு.

திரும்பியதும் பெரியம்மா சேலைகூட மாற்றாமல் கொல்லைக்குப் போனார். எச்சத்தைப் பார்த்தார், கொண்டைகளைப் பார்த்தார், சட்டிகளை முகர்ந்தார். எல்லாம் சரி. முட்டைக் கணக்குத்தான் இடித்தது.

"அஞ்சுதான் எடுத்தேன் பெரியம்மா. கூட்டு மூலையில கூடைல அந்தக் கறுப்புக்கோழி எந்திரிக்கவே மாட்டேங்குது. கிட்டப் போனா சிலுப்பிக்கிட்டுக் கொத்த வருது. வெள்ளிக்கிழமையிலேர்ந்து அப்படியேதான் உக்காந்திருக்கு."

முட்டைகள் சேரச் சேர, அவை அடிவயிற்றில் படும் உணர்வு கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற சுரப்பை ஏற்றும். தாய்ப்பால் சுரக்கப் பெண்ணுடம்பில் வேலை செய்யும் அதே சுரப்பு. அது ஏறியதும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடும். நாளுக்கு ஒரு தடவை, கொஞ்ச நேரம் எழுந்து தின்று குடித்துவிட்டுத் திரும்பும். தினமும் முட்டையை எடுத்துவிடுவதால்தான் பெரியம்மா இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். பையன் பயந்தான், கறுப்புக்கோழி முடிவெடுத்துவிட்டது.

பெரியம்மா அதன் அடியில் கையை விட்டார். ஏழு முட்டை, எல்லாம் கதகதப்பு. திட்டப்போகிறார் என்று பையன் நின்றான். அவர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்து வெள்ளிக்கிழமையிலிருந்து விரல்விட்டு எண்ணினார். குஞ்சு பொரிக்க 21 நாள். இருபத்தோராம் நாள் விரல் போய் நின்ற தேதியில், அவர் கையாலேயே, நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து என்று குறித்திருந்தது.